ஆஃபர் லெட்டர் வந்தாச்சு... அப்போ வேலை உறுதியா? ஐ.டி. கம்பெனிகள் ஆள் எடுப்பது எப்படி? முழு விவரம்

"பையன் கேம்பஸ்ல செலக்ட் ஆகிட்டான்", "பொண்ணுக்கு ஐ.டி. கம்பெனியில ஆஃபர் வந்துடுச்சு"... மணவூர், திருவாலங்காடு, திருத்தணி வட்டாரத்தில் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதைவிடப் பெரிய நல்ல சேதி இல்லை. அரக்கோணம் மார்க்கத்தில் புறநகர் ரயில் பிடித்து கல்லூரிக்குப் போய்வந்த நாலு வருஷம், அடகு வைத்த நகை, பேங்கில் வாங்கிய கல்விக் கடன் என எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மெயில்தான் பதில்.

ஆனால் அந்த மெயிலுக்கும் முதல் மாதச் சம்பளத்துக்கும் நடுவில் இன்னும் சில கதவுகள் இருக்கின்றன. 2022-ல் தேர்வான பலர் அந்தக் கதவுகளுக்கு வெளியே இரண்டு வருஷத்துக்கும் மேல் நின்றார்கள். உள்ளே போன சிலர் நான்கு, ஐந்து மாதத்திலேயே வெளியே அனுப்பப்பட்டார்கள்.

ஐ.டி. நிறுவனங்கள் எப்படி ஆள் எடுக்கின்றன? எந்தக் கட்டத்தில் என்ன கேட்க வேண்டும்? எங்கே உஷாராக இருக்க வேண்டும்? பார்க்கலாம்.

சுருக்கமாகச் சொன்னால்:

• செலக்ட் ஆவது வேறு, ஆஃபர் லெட்டர் வேறு, வேலையில் சேருவது வேறு. மூன்றுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி வரலாம்.
• சேர்ந்த பிறகும் பயிற்சித் தேர்வு உண்டு. அதில் தேறாவிட்டால் வேலை போகலாம்.
• வேலை தருவதற்குப் பணம் கேட்டால், அது வேலையே இல்லை.

மொத்தம் எத்தனை ரவுண்டு?

டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், காக்னிசன்ட், விப்ரோ போன்ற பெரிய சர்வீஸ் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஃப்ரெஷர்களை எடுப்பவை. இவற்றில் பொதுவாக இருக்கும் வரிசை இது:

1. தகுதி வடிகட்டல்: பத்தாம் வகுப்பு, பிளஸ் 2, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் என்பது பல கம்பெனிகள் கேட்கும் அளவு. அரியர் இருந்தால் பல இடங்களில் விண்ணப்பமே ஏற்கப்படாது.

2. ஆன்லைன் டெஸ்ட்: கணக்கு, லாஜிக், ஆங்கிலம், கோடிங். டி.சி.எஸ். இதை என்.க்யூ.டி. என்ற பெயரில் நடத்துகிறது. இதில் எடுக்கும் மதிப்பெண்ணைப் பொறுத்து நிஞ்ஜா, டிஜிட்டல், பிரைம் என்று பிரிக்கிறார்கள். நிஞ்ஜாவுக்கு ஆண்டுக்கு சுமார் 3.36 லட்சம், டிஜிட்டலுக்கு சுமார் 7 லட்சம், பிரைமுக்கு அதற்கும் மேல். ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே டெஸ்ட். ஆனால் சம்பளம் இரண்டு மடங்கு வித்தியாசம். அந்த வித்தியாசத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கோடிங் பகுதிதான்.

3. டெக்னிக்கல் இன்டர்வியூ: ஃபைனல் இயர் புராஜெக்ட், டேட்டாபேஸ், ஏதாவது ஒரு புரோகிராமிங் மொழி. ரெஸ்யூமேயில் நீங்கள் எழுதியதிலிருந்துதான் பெரும்பாலான கேள்விகள் வரும். பக்கத்து சீட்டுப் பையனின் புராஜெக்டைக் காப்பி அடித்தவர்கள் மாட்டுவது இந்த இடத்தில்தான்.

4. ஹெச்.ஆர். ரவுண்டு: எந்த ஊரில் போட்டாலும் போவீர்களா, நைட் ஷிஃப்ட் சம்மதமா, பாண்ட் சம்மதமா என்று கேட்பார்கள். இதைப் பலர் ஒப்புக்கு நடக்கும் ரவுண்டு என்று நினைக்கிறார்கள். உண்மையில் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு 'ஓகே சார்' என்பதும் பின்னால் ஒப்பந்தத்தில் வரிகளாக வரும்.

வீட்டிலிருந்தே டெஸ்ட் எழுதினால் இன்னொரு விஷயமும் உண்டு. கேமரா ஆன் ஆகியிருக்கும். வேறு விண்டோவுக்குப் போனாலோ, பின்னால் யாராவது நடந்தாலோ சாஃப்ட்வேர் அதைக் குறித்துக்கொள்ளும். ஒரே அறையில் நாலு பேர் இருக்கும் வீட்டில் இது சாதாரண விஷயம் இல்லை. நெட் விட்டு விட்டு வரும் ஊராக இருந்தால், முதல் நாளே கல்லூரி லேபில் அல்லது சிக்னல் நன்றாக வரும் இடத்தில் உட்கார ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

ஜோஹோவில் மட்டும் ஏன் வேற மாதிரி?

சென்னைக்கு அருகில் தலைமையிடமும் தென்காசியில் கிளையும் வைத்திருக்கும் ஜோஹோ போன்ற பிராடக்ட் கம்பெனிகள், ஆள் எடுக்கும் விதத்தில் மாறுபடுகின்றன. இங்கே மார்க் ஷீட்டைவிட கோடுக்குத்தான் மதிப்பு.

முதலில் எழுத்துத் தேர்வு. அடுத்து சின்னச் சின்ன புரோகிராம்கள். அதற்கடுத்த ரவுண்டில், ரயில் டிக்கெட் புக்கிங், டாக்ஸி புக்கிங் மாதிரி ஒரு சிறு அப்ளிகேஷனையே உட்கார்ந்த இடத்தில் எழுதச் சொல்வார்கள். பலர் வெளியேறுவது இங்கேதான். மனப்பாடம் உதவாது. கை பழகியிருக்க வேண்டும்.

பிளஸ் 2 அல்லது டிப்ளமோ முடித்தவர்களைக் கல்லூரிக்கு அனுப்பாமலே, உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தரும் பள்ளியையும் இந்த நிறுவனம் நடத்துகிறது. கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாத வீடுகள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய வழி இது.

எல்.ஓ.ஐ., ஆஃபர் லெட்டர், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்: என்ன வித்தியாசம்?

இங்கேதான் பல குடும்பங்கள் குழம்புகின்றன.

லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்பது 'உங்களை எடுக்க எண்ணியிருக்கிறோம்' என்று சொல்லும் கடிதம். அதில் சேரும் தேதி பெரும்பாலும் இருக்காது.

ஆஃபர் லெட்டரில் பதவி, சம்பளம், நிபந்தனைகள் இருக்கும். ஆனால் 'சேரும் தேதி பின்னர் அறிவிக்கப்படும்', 'நிறுவனத்தின் தேவையைப் பொறுத்து' என்ற வரிகள் இருந்தால், அந்தத் தேதிக்கு கம்பெனி இன்னும் உறுதி கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்தான் நீங்கள் வேலையில் இருக்கிறீர்கள் என்பதற்கான ஆவணம். நவம்பர் 21, 2025 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, எல்லா தொழிலாளர்களுக்கும் நியமனக் கடிதம் தருவது கட்டாயம் என்று மத்திய அரசு அறிவித்துள்ளது. சேர்ந்த பிறகு அது கைக்கு வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

2022 பேட்ச்சுக்கு என்ன நடந்தது?

கொரோனாவுக்குப் பிறகு உலகம் முழுக்க கம்பெனிகள் அவசர அவசரமாக டிஜிட்டலுக்கு மாறின. இந்திய ஐ.டி. நிறுவனங்களுக்கு ஆர்டர் குவிந்தது. 2021-22 நிதியாண்டில் மட்டும் டி.சி.எஸ். 1 லட்சம், இன்ஃபோசிஸ் 85,000 ஃப்ரெஷர்கள் என்ற அளவில் ஆள் எடுத்தன.

பிறகு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாடிக்கையாளர்கள் செலவைக் குறைத்தார்கள். 2023-24-ல் இன்ஃபோசிஸ் எடுத்த ஃப்ரெஷர்கள் 11,900 பேர்தான். 85,000 எங்கே, 11,900 எங்கே?

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் சிக்கியவர்கள்தான் 2022 பேட்ச்.

பிப்ரவரி 2023: ஆண்டுக்கு 6.5 லட்சம் என்று ஆஃபர் கொடுக்கப்பட்டு, சேரக் காத்திருந்த ஃப்ரெஷர்களிடம், 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று விப்ரோ கேட்டது. கிட்டத்தட்ட பாதிச் சம்பளம்.

2024: இன்ஃபோசிஸில் 2022-ல் தேர்வான சுமார் 2,000 பேர் இன்னும் சேர்க்கப்படவில்லை என்று, புனேவில் இயங்கும் ஐ.டி. ஊழியர் அமைப்பான நைட்ஸ் மத்திய தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் கொடுத்தது. கொடுத்த ஆஃபர்கள் எல்லாம் மதிக்கப்படும் என்று நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி சலில் பரேக் கூறினார். அந்த ஆண்டு இறுதிக்குள் பலர் மைசூரு பயிற்சி வளாகத்தில் சேர்ந்தார்கள்.

பிப்ரவரி 2025: அதே மைசூரு வளாகத்திலிருந்து 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். உள் மதிப்பீட்டுத் தேர்வில் மூன்று வாய்ப்பு கொடுத்தும் தேறவில்லை, இந்த நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதுதான் நடைமுறை என்பது நிறுவனத்தின் விளக்கம். எண்ணிக்கை 700 என்றும், தேர்வு முன்பைவிடக் கடினமாக்கப்பட்டது என்றும் மறுதரப்பு குற்றம்சாட்டியது. மத்திய அமைச்சகம் கர்நாடக தொழிலாளர் துறையை விசாரிக்கச் சொன்னது. அவர்கள் ஊழியர்கள் அல்ல, பயிற்சியாளர்கள் என்பதால் சட்ட மீறல் இல்லை என்று கர்நாடக அதிகாரிகள் தரப்பில் பின்னர் கூறப்பட்டது.

இந்தக் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். வீட்டில் 'வேலை' என்று நினைத்தது, காகிதத்தில் 'பயிற்சி' என்று இருந்தது.

கல்விக் கடன் வாங்கியவர்களுக்கு இது ஏன் முக்கியம்?

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

2022-ல் படிப்பு முடித்த ஒருவருக்கு 2023-ல் தவணை தொடங்கிவிடும். கம்பெனி கூப்பிடுவது 2024 கடைசியில் என்றால்? நடுவில் உள்ள அந்த ஒரு வருஷத் தவணையை யார் கட்டுவது? பெரும்பாலும் அப்பா. இல்லாவிட்டால் மறுபடியும் அடகுக் கடை.

அதனால் சேரும் தேதி தள்ளிப்போகிறது என்று தெரிந்தவுடனே, ஆஃபர் லெட்டருடன் வங்கிக் கிளைக்குப் போய் எழுத்துமூலம் அவகாசம் கேளுங்கள். தவணை தவறிய பிறகு கேட்பதைவிட முன்பே கேட்பது நல்லது. தவறிய தவணை சிபில் ஸ்கோரில் ஏறும். சில நிறுவனங்கள், குறிப்பாக வங்கி சார்ந்த வேலைகளில், அதையும் பார்க்கிறார்கள்.

3.36 லட்சம்னா கைக்கு எவ்வளவு வரும்?

3.36 லட்சத்தை 12-ஆல் வகுத்தால் மாதம் 28,000. ஆனால் கைக்கு வருவது அது இல்லை. ஒரு உதாரணக் கணக்கு பார்க்கலாம். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம்.

• கம்பெனி கட்டும் பி.எஃப். 1,800 ரூபாய். இதுவும் சி.டி.சி.க்குள்தான் வரும்.
• உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800 ரூபாய்.
• கிராஜுவிட்டி ஒதுக்கீடு சுமார் 720 ரூபாய்.

இதிலேயே 4,300 ரூபாய்க்கு மேல் கழிந்து, சுமார் 23,600 ரூபாய்தான் மிஞ்சும். தொழில் வரி, இன்சூரன்ஸ், வேரியபிள் பே இருந்தால் இன்னும் குறையும்.

இப்போது மணவூரிலிருந்து கணக்குப் போடுங்கள். ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து பூங்கா நகர் வழியாகப் பறக்கும் ரயிலில் திருவான்மியூர், பிறகு பஸ்ஸில் சிறுசேரி என்றால், ஒரு பக்கத்துக்கே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். தினமும் போய்வருவது பெரும்பாலானவர்களுக்கு முடியாது. அப்போது ஓ.எம்.ஆர். பக்கம் ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு. ஊருக்கு அனுப்ப என்ன மிஞ்சும் என்பதை ஆஃபரை ஏற்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். வேலை ஹைதராபாத் என்றால் கணக்கே வேறு.

பாண்ட் போடச் சொன்னா கையெழுத்து போடலாமா?

பல நிறுவனங்கள் ஒன்று அல்லது இரண்டு ஆண்டு வேலை செய்ய வேண்டும், நடுவில் போனால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குகின்றன. 'பாண்டெல்லாம் சட்டப்படி செல்லாது' என்று வாட்ஸ்அப்பில் வரும் தகவலை அப்படியே நம்ப வேண்டாம்.

மே 2025-ல் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று ஆண்டு முடிவதற்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. அது பொதுத்துறை வங்கி அதிகாரியின் வழக்கு. ஆனாலும் பாண்ட் என்றாலே செல்லாது என்று சொல்ல முடியாது என்பது அதில் தெளிவாகிவிட்டது. அதே நேரம், ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 74-வது பிரிவுப்படி, கேட்கும் தொகை நியாயமானதாக இருக்க வேண்டும். எழுதியிருக்கும் தொகை முழுவதும் தானாகவே கிடைத்துவிடாது.

கையெழுத்து போடும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எவ்வளவு காலம்? எவ்வளவு தொகை? பயிற்சியில் கம்பெனியே வெளியே அனுப்பினால் அந்தத் தொகை யார் தலையில்? ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடுத்து வையுங்கள் என்றால் மட்டும் கண்டிப்பாக வேண்டாம். சரிபார்க்கக் காட்டலாம், ஜெராக்ஸ் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

பணம் கேட்டால் உஷார்!

காத்திருக்கும் பிள்ளைகளைக் குறிவைத்தே ஒரு கூட்டம் இருக்கிறது. பெரிய கம்பெனியின் லோகோவுடன் மெயில் வரும். டெலிகிராமிலேயே இன்டர்வியூ நடக்கும். 'லேப்டாப் டெபாசிட்', 'டிரெயினிங் ஃபீஸ்', 'ரீஃபண்டபிள்' என்ற பெயர்களில் சில ஆயிரம் கேட்பார்கள். 'பேக்டோர்' என்று லட்சத்தில் கேட்பவர்களும் உண்டு.

அடையாளம் காண்பது எப்படி?

• மெயில் முகவரியில் '@' குறிக்குப் பின்னால் கம்பெனியின் சொந்தப் பெயர் சரியாக இருக்கிறதா பாருங்கள். ஜிமெயில் என்றால் சந்தேகப்படுங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் போலிதான்.
• அந்த வேலை கம்பெனியின் சொந்த இணையதளத்தில் கேரியர் பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள்.
• டெஸ்ட்டும் இல்லை, இன்டர்வியூவும் இல்லை, நேராக ஆஃபர் என்றால் அது ஆஃபர் இல்லை.

பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணம் கைமாறும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு.

வெளிநாட்டு வேலை என்றால் இன்னும் கவனம். தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங்' வேலை என்று ஐ.டி. தெரிந்த இளைஞர்களை அழைத்துப்போய், மியான்மரில் சைபர் மோசடிக் கும்பல்களிடம் அடைத்து வைப்பதாக வெளியுறவு அமைச்சகம் செப்டம்பர் 2022-ல் எச்சரித்தது. அடுத்த மாதமே மீட்கப்பட்ட 13 தமிழர்கள் சென்னை திரும்பினார்கள். ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். டூரிஸ்ட் விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

'ரெண்டு வருஷ அனுபவம்' விலைக்கு வாங்கலாமா?

ஃப்ரெஷர் வேலை கிடைக்காத விரக்தியில் சிலர் கன்சல்டன்சி மூலம் போலி அனுபவச் சான்றிதழ் வாங்குகிறார்கள். நவம்பர் 2022-ல், போலி நிறுவனங்களின் பெயரில் அனுபவச் சான்று கொடுத்தவர்களை இந்தியாவில் வேலையை விட்டு அனுப்பியதாக அக்சென்ச்சர் அறிவித்தது. பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணைப் பார்த்தாலே, எங்கே எவ்வளவு நாள் வேலை பார்த்தீர்கள் என்பது தெரிந்துவிடும். சேர்ந்து ஒரு வருஷம் கழித்து வெளியே வந்தால், அடுத்த கம்பெனியிலும் அந்தக் கறை கூடவே வரும்.

காத்திருக்கும் நேரத்தில் என்ன செய்யலாம்?

• ஒரே ஆஃபரை நம்பி மற்ற இன்டர்வியூக்களை விட்டுவிடாதீர்கள். சேரும் தேதி எழுத்தில் வரும்வரை தேடல் தொடரட்டும்.
• மாதம் ஒருமுறை ஹெச்.ஆர்.-க்கு மெயில் போட்டு நிலவரம் கேளுங்கள். போனில் சொன்னதையும் மெயிலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.
• தமிழக அரசு மார்ச் 1, 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் பயிற்சிகள் இருக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு மையங்கள் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்கும் கட்டணம் கிடையாது.
• பயிற்சித் தேர்வில் வரும் ஜாவா, பைத்தான், டேட்டாபேஸ் அடிப்படைகளைத் தொடர்ந்து எழுதிப் பழகுங்கள். இரண்டு வருஷம் கோட் எழுதாமல் இருந்துவிட்டு, பயிற்சி அறையில் உட்கார்ந்ததும் மூன்று வாய்ப்புக்குள் தேறுவது கஷ்டம். மைசூரு சம்பவம் சொல்லும் பாடம் இது.

ஏ.ஐ. வந்துட்டா இனி வேலையே இருக்காதா?

ஜூலை 2025-ல் டி.சி.எஸ். தனது ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தது. அதில் பெரும்பாலும் நடுநிலை, மூத்த நிலையில் இருப்பவர்கள். ஆள் எடுப்பதை நிறுவனங்கள் நிறுத்திவிடவில்லை. ஆனால் ஒரே கல்லூரியில் நூற்றுக்கணக்கில் அள்ளிக்கொண்டு போன 2021 மாதிரியான ஆண்டை நம்பிக் கடன் கணக்குப் போட முடியாது என்பதுதான் இன்றைய நிலை.

பெற்றோர் கவனத்துக்கு

'பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்துட்டான், உனக்கு ஏன் இன்னும் கூப்பிடல?' என்ற கேள்வியைத் தள்ளிவையுங்கள். சேரும் தேதியை முடிவு செய்வது உங்கள் பிள்ளை இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வாடிக்கையாளர் புராஜெக்டை நிறுத்தினால், அதன் பாதிப்பு மணவூர் வரை வருகிறது. பயிற்சியில் தேறாமல் திரும்பி வந்தவருக்கும் இது பொருந்தும். அவருக்கு அடுத்த டெஸ்ட் இருக்கிறது, அடுத்த கம்பெனி இருக்கிறது.

மன அழுத்தம் அதிகமாக இருந்தால் தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலோ, மத்திய அரசின் டெலிமானஸ் 14416 எண்ணிலோ கட்டணமின்றிப் பேசலாம்.

ஆஃபர் லெட்டர் வந்தால் சந்தோஷப்படுங்கள், ஸ்வீட் கொடுங்கள். புது பைக்கோ, புதுக் கடனோ மட்டும் முதல் சம்பளம் அக்கவுன்ட்டில் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.